நாலு பார்மசி ஏறி இறங்கியும்

22 வருடம் சிகரெட் குடித்தவன் நான். சூயிங்கம், தோலில் ஒட்டுகிற பட்டி எல்லாம் தோற்றுப்போன பிறகு, லண்டன் ஹரோவில் எங்கள் தெருமுனை வேப் (மின்சிகரெட்) கடைப் பெடியன்தான் என்னைக் கரையேற்றினான். மில்லி லீட்டருக்கு 18 மில்லிகிராம் நிக்கொட்டினில் தொடங்கி, மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்து 6க்கு இறக்கிவிட்டான். சிகரெட்டைத் தொடாமல் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. வேப் நல்ல பொருள் என்று சொல்ல வரவில்லை. அதிலும் இருப்பது நிக்கொட்டின்தான். சிகரெட் குடிக்காதவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆனால் எனக்குக் கைகொடுத்தது அது ஒன்றுதான்.

அக்காவின் மகளுக்குச் சிட்னியில் கல்யாணம். ஆஸ்திரேலியாவுக்குப் போகும் பயணி தன் பாவனைக்கு இரண்டு வேப்பும் 200 மில்லி லீட்டர் திரவமும் கொண்டுபோகலாம். என்னுடைய டிக்கெட் சிங்கப்பூர் வழியாக. அங்கே 2018 பெப்ரவரியிலிருந்து வேப்பை வைத்திருப்பதே குற்றம். விமானம் மாறுகிற இடத்தில் வில்லங்கம் வேண்டாம் என்று வீட்டில் விட்டுவிட்டுப் போனேன், சிட்னியில் வாங்கலாம் என்ற நம்பிக்கையில். சாங்கி விமான நிலையத்தில் சிகரெட் குடிப்பவர்களுக்குத் தனி அறையே இருக்கிறது. அதைக் கடந்து போகும்போதே வயிறு எரிந்தது.

சிட்னியில் வேப் கடை என்று ஒன்று இப்போது சட்டப்படி இல்லை. 2024 ஜூலை 1 முதல் பார்மசியில் மட்டும்தான் விற்கலாம். அந்த ஒக்டோபரிலிருந்து, 18 வயது நிரம்பியவர்கள் பார்மசிக்காரருடன் பேசி, அடையாள அட்டை காட்டினால், மில்லி லீட்டருக்கு 20 மில்லிகிராம் வரை டொக்டர் துண்டு இல்லாமலே வாங்கலாம். புகையிலை, மின்ட், மென்தோல் சுவைகள் மட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைகளில் பழச்சுவை வேப் கிடந்த காலத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது. அதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் வாங்கலாம் என்று சட்டம் சொன்னால் போதுமா? விற்பதற்கு ஆள் வேண்டாமா? எந்தப் பார்மசியும் அதை வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வந்த மறுநாள் காலையே வெளிக்கிட்டேன். "களைப்பு ஆறவில்லை, அதுக்குள்ளை எங்கை தம்பி?" என்று அக்கா கேட்டா. பெண்டில் ஹில்லில் முதல் பார்மசியில் தலையை ஆட்டினார்கள். வென்ட்வொர்த்வில்லில், நாங்கள் அதை எடுப்பதில்லை என்றார்கள். பரமட்டாவில் ஒன்றில், வரிசையில் நின்றவர்களின் முன்னால், கஞ்சா கேட்டவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. 47 வயதில் முகம் சுட்டது. நாலாவதில் ஒரு பிள்ளை பொறுமையாக இருந்து கேட்டாள், எத்தனை வருடப் பழக்கம், இப்போது என்ன அளவு என்று. கடைசியில், ஓடர் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், வார இறுதி தாண்டிவிடும் என்றாள். கல்யாணம் சனிக்கிழமை, எனக்குத் திரும்பும் விமானம் ஞாயிறு.

இந்த நாலு கடைக்கும் இடையில் சிகரெட் விற்கும் இடம் எத்தனை கடந்திருப்பேன்! சுப்பர்மார்க்கெட், பெற்றோல் நிலையம், மூலைக்கடை. பெட்டி ஏறக்குறைய 40 டொலர், அலுமாரிக் கதவு மூடியிருக்கும், அட்டையில் அழுகின நுரையீரல் படம். ஆனால் கேட்டால் அரை நிமிடத்தில் கையில் கிடைக்கும். ஒரு மூலைக்கடையில் வேப் பற்றிக் கேட்டேன். கடைக்காரர் வாசலைப் பார்த்துவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். மினுங்குகிற பெட்டி, எவ்வளவு நிக்கொட்டின் என்று நம்பக்கூடிய ஒரு எழுத்தும் இல்லை. அளவை எண்ணி எண்ணிக் குறைத்து வந்த மனுசன் அதை எப்படி வாயில் வைப்பது? திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளைக் காக்க வந்த சட்டத்துக்குப் பிறகும், அந்தப் பெட்டி எந்தப் பிள்ளை கேட்டாலும் வெளியே வரும் போலிருந்தது. வெட்கம் பார்க்காமல் நேர்வழியில் கேட்டவனுக்குத்தான் ஒன்றுமில்லை.

நிக்கொட்டின் சூயிங்கத்தை வாங்கி மென்றுகொண்டு மூன்று நாள் ஓட்டினேன். நித்திரை இல்லை, எரிச்சல், கைநடுக்கம்.

சனிக்கிழமை தாலி கட்டி முடிந்து மண்டபத்துக்கு வெளியே வந்தபோது, பழைய கூட்டாளி ஒருவன் பெட்டியை நீட்டினான். ஒன்றை எடுத்தேன். முழுவதையும் குடித்தேன்.

உள்ளே போய் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவ என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டா:

"விட்டிட்டன் எண்டெல்லோ சொன்னனீ, தம்பி?"