காமின் மேல் விழாத சாபம்

"உலக மக்கள் எல்லாரும் நோவாவின் மூன்று பிள்ளைகள் வழி வந்தவர்கள். சேமின் வழி ஆசியர், யாப்பேத்தின் வழி ஐரோப்பியர், காமின் வழி ஆப்பிரிக்கர். காம் சாபம் பெற்றான். அதனால்தான் அவன் சந்ததி கறுத்தது, அடிமைப்பட்டது." மேடைப் பிரசங்கங்களில் இன்றும் இது தலைகாட்டுகிறது. இதை மறுக்க வேதாகமத்தை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. திறந்து படித்தாலே போதும்.

"காம் சபிக்கப்பட்டான்." ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா குடிவெறியில் ஆடை விலகிக் கிடக்கிறார். காம் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சகோதரர்களிடம் சொல்கிறான். போதை தெளிந்ததும் நோவா சபிப்பது காமை அல்ல, அவன் மகன் கானானை. தகப்பன் செய்த பிழைக்குப் பிள்ளை ஏன் சாபம் வாங்கினான் என்று உரையாசிரியர்கள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தோல் நிறம் பற்றியோ அங்கே ஒரு பேச்சும் இல்லை. கானானியர் வாழ்ந்ததும் ஆப்பிரிக்காவில் அல்ல. இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனம், லெபனான் பகுதிகளில். இஸ்ரவேலர் தங்களுக்கு வாக்களிக்கப்பட்டதாகச் சொன்ன நாடு அது.

"மூன்று பிள்ளைகள், மூன்று இனங்கள்." அடுத்த அதிகாரத்தின் வம்ச அட்டவணை இதற்கு இடம் கொடுக்கவில்லை. காமின் பேரன் நிம்ரோத் ஆண்ட பாபேலும் ஏரேக்கும் ஈராக்கில் இருந்த நகரங்கள். சேபா, ஆவிலா என்ற பெயர்கள் காமின் வம்சத்திலும் வருகின்றன, சேமின் வம்சத்திலும் வருகின்றன. இனங்களின் பட்டியல் என்றால் ஒரே பெயர் இரண்டு பக்கமும் நிற்குமா? எழுதியவர்கள் தாங்கள் அறிந்த நாடுகளையும் நகரங்களையும் உறவுமுறை சொல்லி அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"பின்னால் வந்த அறிவியலும் இதையே சொன்னது." சேமின் பெயரால் 'செமிட்டிக்' என்று ஜெர்மானிய அறிஞர் ஷ்லோட்சர் 1781இல் பெயரிட்டது ஒரு மொழிக் குடும்பத்துக்கு. அதுவும் வேதாகம அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை. காமின் மகனாகச் சொல்லப்படும் கானானின் மொழி எபிரேயத்துக்கு உடன்பிறப்பு. சேமின் மகனாகச் சொல்லப்படும் ஏலாமின் மொழிக்கோ எபிரேயத்தோடு உறவே இல்லை. காமின் பெயரால் 'ஹாமிட்டிக்' என்று தனியாக ஒரு மொழிக் குடும்பம் கிடையாது என்று ஜோசஃப் கிரீன்பெர்க் 1963இல் வெளியான நூலில் அதைக் கலைத்துவிட்டார். மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972இல் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டார். மூன்று பெட்டிகளில் மனிதர்களைப் பிரித்து அடைக்க முடியாது.

"பழைய நம்பிக்கைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" 1861இல் அமெரிக்கத் தென்மாநிலக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பினத்தவரின் அடிமைநிலைக்கு இந்தச் சாபத்தையும் சாட்சிக்கு இழுத்தார். ஆனால் அதற்கு முன்பே, 1798இல் நெப்போலியன் படையெடுப்புக்குப் பிறகு எகிப்தின் பெருமை ஐரோப்பாவில் பரவியபோது, ஒரு சிக்கல் வந்தது. எகிப்தின் மூதாதையாகச் சொல்லப்படும் மிஸ்ராயீமும் காமின் மகன்தான்! உடனே பலருக்கு, சாபம் கானானுக்கு மட்டும்தான் என்பது நினைவுக்கு வந்தது. காமின் சந்ததி வெள்ளையராகி, ஆப்பிரிக்காவுக்கு நாகரிகம் கொண்டுவந்தவர்கள் ஆனார்கள். அதே வசனம், நேரெதிர் தீர்ப்பு.

இந்தப் புதிய கதையை 1863இல் ஆங்கிலேய ஆய்வுப் பயணி ஸ்பீக் தன் பயண நூலில் நடு ஆப்பிரிக்க அரச குலங்களுக்குப் பொருத்தினார். ருவாண்டாவை ஆண்ட பெல்ஜியர்கள் அதை நம்பி, டுட்சிகளை வடக்கிலிருந்து வந்த உயர்ந்த 'ஹாமிய' இனமாக்கினார்கள். மூக்கையும் மண்டையையும் அளந்தார்கள். 1930களில் அடையாள அட்டையில் டுட்சி, ஹூட்டு, ட்வா என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். மூவரும் பேசுவதோ ஒரே கின்யருவாண்டா மொழி. உயர்த்திவைத்த அதே கதை பின்னால் டுட்சிகளை அந்நியராக்கியது. 1992இல் லெயோன் முகெசெரா என்ற அரசியல்வாதி, டுட்சிகளை நியாபரோங்கோ ஆற்றின் வழியாக எத்தியோப்பியாவுக்குத் திருப்பி அனுப்புவோம் என்று மேடையில் முழங்கினார். 1994இல் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்தே ஆளைப் பிரித்தார்கள். ஆற்றில் உடல்கள் மிதந்தன.

அடிமை வேண்டியபோது காம் கறுத்தான். எஜமான் வேண்டியபோது வெளுத்தான். வேதம் மாறவில்லை, தேவை மாறியது. எனவே "வேதத்திலேயே இருக்கிறது" என்று யாராவது சொன்னால் கோபப்பட வேண்டாம். எந்த அதிகாரம், எந்த வசனம் என்று கேளுங்கள். அவரால் காட்ட முடியாது.