பத்து நாடுகள் வேண்டாம், இரண்டு ஊர்கள் போதும்

மார்ச் பிறந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வீடுகளுக்குச் செய்தித்தாளோடு ஐரோப்பியச் சுற்றுலா விளம்பரங்களும் வந்து விழத் தொடங்கும். பதினைந்து நாளில் எட்டு நாடு, பத்து நாடு என்று இருக்கும். தினமும் இரவில் நம்ம ஊர்ச் சாப்பாடு என்று இருக்கும். மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவனிப்பு என்றும் இருக்கும். இந்த வட்டாரத்தில் அதைப் படிப்பவர்களில் பலர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் முப்பது, முப்பத்தைந்து வருஷம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அவர்களுடைய மனைவிமார்கள். பி.எஃப். பணத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, பிள்ளைகள் கொடுப்பதையும் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறார்கள். கிளம்பட்டும், உழைத்தவர்களுக்கு உலகத்தைப் பார்க்க முழு உரிமை உண்டு. ஆனால் அவர்களுக்கு விற்கப்படும் சுற்றுலாவின் வடிவம் அவர்களுடைய வயதுக்குப் பொருந்தவே இல்லை. அறுபதைத் தாண்டியவர்கள் இரண்டே ஊர்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் தங்கி, நடந்து, அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பத்து நாட்டுச் சுற்றுலாவில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி பேருந்து ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை ஓட்டலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் கட்டாய ஓய்வு. பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரம் 600 கிலோமீட்டருக்கு மேல். சட்டத்தை மதித்து ஓட்டினால் ஒரு பகல் முழுவதும் இருக்கையிலேயே கழிந்துவிடும். முட்டிவலியும் கால் வீக்கமும் உள்ளவர்களுக்கு இது பயணத்தின் மிகக் கடினமான பகுதி, அதையே இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறார்கள். அதே பாரிஸிலிருந்து ஜூரிச்சுக்கு ரயிலில் ஏறினால் நாலு மணி நேரம் சொச்சம்; நடுவில் எழுந்து நடக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம். பேருந்துக் குழுவுக்கான ஓட்டல்களும் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரமாக, ஊருக்கு வெளியே அமைகின்றன. காலையில் ஊருக்குள் வந்து, கோபுரத்தின் முன் போட்டோ எடுத்துக்கொண்டு, சாயங்காலம் வெளியே போய்விட்டால், விளக்கு வைத்த பிறகு அந்த ஊர் எப்படி இருக்கும் என்பதே தெரியாமல் போகும்.

அந்த ஊர்களே இப்படிப்பட்ட வருகையை விரும்பவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. 7.5 டன்னுக்கு மேற்பட்ட சுற்றுலாப் பேருந்துகளை ஆம்ஸ்டர்டாம் 2024 ஜனவரி முதல் நகர மையத்துக்குள் விடுவதில்லை. வெனிஸ் 2024 ஏப்ரலில் குறிப்பிட்ட சில நாள்களுக்கு நுழைவுக் கட்டணம் வைத்தது. காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்குத்தான் அந்தக் கட்டணம். வெனிஸில் இரவு தங்குகிறவர்களுக்குக் கிடையாது. தங்குகிறவன் விருந்தாளி, ஓடுகிறவன் கூட்டம் என்று அந்த நகரம் பிரித்துப் பார்க்கிறது. அந்தப் பிரிவினை எனக்கு நியாயமாகவே படுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம் சாப்பாடு. ஒவ்வொரு இரவும் இந்திய ஓட்டலுக்கு அழைத்துப் போவோம் என்ற வாக்குறுதிதான் நம் முதியவர்களைப் பணம் கட்ட வைக்கிறது. சோறு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தை நான் எளிதாக எண்ணவில்லை; சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு வேளை தவறாத சாப்பாடு உயிர்ப் பிரச்சினை. ஆனால் நம்முடைய சொந்த மரபு இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று யோசிக்க வேண்டும். வயதான தமிழர்களின் மாபெரும் பயணம் நெடுங்காலமாகக் காசி யாத்திரைதான். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 1863-இல் தொடங்கப்பட்டதே போகிறவர்கள் தங்குவதற்காக. கங்கையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுவது அந்த யாத்திரையின் முறை இல்லை. காசிக்குப் போனால் தனக்குப் பிடித்த ஒரு காயையோ கனியையோ அங்கே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது இன்றும் பல குடும்பங்களில் வழக்கம். வீட்டை விட்டு வெகுதூரம் போகிறவன் நாக்கின் பழக்கத்தில் கொஞ்சத்தைத் துறக்க வேண்டும் என்று வகுத்தவர்கள் நம் முன்னோர்கள்தான். சாம்பாரை ஒரு நாளும் விடாமல் பத்து நாடுகளைச் சுற்றி வருவது இந்த மரபுக்கு நேர் எதிரானது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி வரும். அது நேர்மையான கேள்வி. நம் நாட்டுப் பொட்டலங்களில் இருக்கும் பச்சைப் புள்ளி ஐரோப்பாவில் கிடையாது. ஆனால் ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்ற சட்டம் 2014 டிசம்பரிலிருந்து ஓட்டல்களுக்கும் பொருந்தும். முட்டை, பால், மீன், நண்டு, இறால், சிப்பி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே முட்டையும் மீனும் இருக்கின்றனவா என்று கேட்டால் பதில் கிடைக்கும். இறைச்சி அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பிரெஞ்சு வெங்காய சூப்பில் இறைச்சித் துண்டு கண்ணில் படாது, ஆனால் வழக்கமாக அது மாட்டெலும்புச் சாற்றில் செய்யப்படுவது. பார்மிஜானோ சீஸை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்ப்பார்கள். கறாரான சைவர்கள் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும். இத்தாலியில் கடையில் விற்கும் உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. போலோன்யா பக்கத்தில் கையால் தேய்க்கும் புதுப் பாஸ்தாவில் முட்டை இருக்கும். இப்படி நாலைந்து விஷயங்களைக் கற்றுக்கொண்டால் ஒரு வாரத்தைத் தாராளமாக ஓட்டலாம். ஒரே ஊரில் தங்குகிறவர் முதல் நாளில் கண்டுபிடித்த கடைக்கே நாலாம் நாளும் போகலாம், கடைக்காரரும் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வார். தினம் ஊர் மாறுகிறவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. அதனால்தான் அவருக்கு இந்திய ஓட்டல் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது. சாப்பாட்டுப் பயத்தின் வேர் ஐரோப்பாவில் இருப்பதைவிட அந்த அவசரத்தில் அதிகம் இருக்கிறது.

அப்படியும் சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்குச் சமையலறையோடு வாடகை வீடுகள் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாற்பது வருஷம் அடுப்படியில் நின்ற பெண்ணை ரோமாபுரிக்கு அழைத்துப் போய் அங்கேயும் குக்கர் வைக்கச் சொல்வது அநியாயம். கணவர் வைக்கட்டும். இல்லாவிட்டால் தான் சமைக்காத, இதுவரை ருசித்திராத ஒரு சாப்பாட்டை யாரோ மேசையில் கொண்டுவந்து வைக்கும் இன்பம் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கட்டும்.

எந்த இரண்டு ஊர்கள் என்று கேட்டால், அம்பத்தூர்க்காரர்களுக்கு என் முதல் பரிந்துரை இத்தாலியின் டூரின். பத்து நாட்டுப் பட்டியல்களில் அந்தப் பெயர் அநேகமாக வராது. ஃபியட் கார்கள் பிறந்த தொழில் நகரம் அது. அங்கே லிங்கோட்டோ என்ற தொழிற்சாலை 1923-இல் திறக்கப்பட்டது. ஐந்து மாடி, கீழ்த்தளத்தில் உதிரிப் பாகங்களாக நுழைவது மாடி மாடியாக ஏறி, காராக முழுமை பெற்று மொட்டைமாடிக்கு வரும். அங்கேயே சோதனை ஓட்டத்துக்குத் தடம் போட்டிருந்தார்கள். 1982-இல் ஆலை மூடப்பட்டது. கட்டடத்தை இடிக்காமல், ரென்ஸோ பியானோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கடைகளும் அரங்குகளும் ஓட்டலுமாக மாற்றினார்கள்; மொட்டைமாடித் தடத்தில் இப்போது தோட்டம் இருக்கிறது. 1961-இல் நிறுவப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கன்வேயரையும் கிரேனையும் கண்டு பழகியவருக்கு இந்தக் கட்டடத்தில் பார்க்கவும் பேசவும் எவ்வளவோ இருக்கும்; ஈஃபில் கோபுரத்தின் கீழே கிடைக்கும் பத்து நிமிஷம் அதற்கு ஈடாகாது. டூரினில் சுமார் 18 கிலோமீட்டருக்குத் தூண்கள் தாங்கிய மூடு நடைபாதைகள் உண்டு. வெயிலும் மழையும் படாமல் நடக்கலாம். பொர்த்தா பலாட்ஸோ என்ற திறந்தவெளிச் சந்தை ஐரோப்பாவின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. பையை எடுத்துக்கொண்டு காலையில் போனால் காயும் பழமும் ஆலிவும் வாங்கி வரலாம். கடலை மாவைக் கரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, அகன்ற தட்டில் ஊற்றிச் சூளையில் வேகவைக்கும் ஃபரினாட்டா அங்கே கிடைக்கும். முட்டையும் இல்லை, பாலும் இல்லை. மக்காச்சோள மாவில் கிண்டும் பொலெந்தாவும் கிடைக்கும். களி தின்று வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாக இருக்காது.

இரண்டாவது ஊராக நெதர்லாந்தின் உத்ரெக்ட்டைச் சொல்வேன். 1949-லிருந்து சைக்கிள் தொழிலோடு சேர்த்தே பேசப்பட்டுவரும் அம்பத்தூரிலிருந்து போகிறவர்கள், ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்களை நிறுத்த இடம் கட்டியிருக்கும் ஊரைப் பார்க்க வேண்டாமா? 2019-இல் அது முழுமையாகத் திறக்கப்பட்டது. நம் ஊரில் ஏழையின் வண்டி என்று ஒதுக்கிய சைக்கிளில் அங்கே பேராசிரியரும் பாட்டியும் போகிறார்கள்.

தங்கிப் பார்க்கிறவருக்குத்தான் ஒரு நகரம் தன் முதியவர்களை எப்படி நடத்துகிறது என்பது புலப்படும். ரோமில் 2,000-க்கும் மேற்பட்ட தெருக்குழாய்களில் இலவசமாகக் குடிநீர் ஓடுகிறது. வியன்னாவுக்கு ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர் 1873 முதல் குழாயில் வருகிறது. இவை பேருந்து ஜன்னல் வழியாகத் தெரியும் அதிசயங்கள் இல்லை, தாகத்தோடு நடக்கும்போது தெரிபவை. சென்னை மாநகராட்சியும் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான கொள்கையை 2014-லேயே ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை அதற்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அம்பத்தூர் வழியாகப் போகும் சி.டி.ஹெச். சாலையில் ஒரு பெரியவர் கைத்தடியோடு நடந்து பார்த்தால் அந்த இலக்கு இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரியும். ஒரு வாரம் தடங்கலில்லாத நடைபாதையில் நடந்து திரும்பியவர் பகுதி சபாக் கூட்டத்தில் எழுந்து கேட்டால், அந்தக் கேள்விக்குத் தனி வலு இருக்கும்.

கூட்டமாகப் போனால்தான் பாதுகாப்பு என்பார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்பார்கள். ஷெங்கன் விசாவுக்கே குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். தனியாகப் போனாலும் குழுவாகப் போனாலும் அது ஒன்றுதான். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் ரயில் நிலையத்தில் ஏற்றி இறக்க ஆள் உதவி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது பயணியின் உரிமை. துணை வேண்டுமானால் நாலு குடும்பங்கள் சேர்ந்தே இரண்டு ஊர்களுக்குப் போகலாமே! சென்னைப் பயண நிறுவனங்களிடம் அப்படி ஒரு திட்டம் கேட்டால் போட்டுத் தர மாட்டேன் என்று யாரும் சொல்லப் போவதில்லை. இதுவரை கேட்டவர்கள் குறைவு, அவ்வளவுதான். செலவும் கூடிவிடாது, நாடு விட்டு நாடு போகும் பேருந்துச் செலவும் தினசரி இந்திய ஓட்டல் செலவும் மிச்சமாகும்போது ஊருக்குள்ளேயே ஓர் அறை எடுக்க முடியும்.

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா என்பதுதான் மிச்சமிருக்கும் வாதம். மனத்தைத் தொடும் வாதம் இது. காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாகச் சுற்றிய ஏ.கே. செட்டியார், 1940-இல் அவற்றைத் தொகுத்துப் படமாக வெளியிட்டபோது முப்பதைத் தொடாதவர். அந்த வயதில் ஓடலாம், ஓட வேண்டும். எழுபதில் பத்து ஊர்களைப் பார்த்தவருக்கு வீடு திரும்பியதும் எந்தத் தேவாலயம் எந்த ஊரில் இருந்தது என்பதே குழம்பிவிடுகிறது. போன்தான் நினைவு வைத்திருக்கிறது. ஒரே ஒருமுறை என்பதும் முன்போல இல்லை. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு செல்லும் பலமுறை விசா கிடைக்கலாம் என்று 2024 ஏப்ரலில் விதியை மாற்றியிருக்கிறார்கள். மகனோ மகளோ அங்கே வேலையில் இருக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இன்று அரிதில்லை. இந்த வருஷம் டூரினும் உத்ரெக்ட்டும் போதும். உடம்பு ஒத்துழைத்தால் வியன்னாவை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.