கார்ட் மாற்றும் தளத்துக்குள் காசு வரவேண்டாம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நம் பிள்ளைகளின் விசயம் என்பதால் நேரம் எடுத்து வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையின் கணிதக் கழகம் நடத்துகிற கார்ட் மாற்றும் இணையத்தளத்தை உங்களில் பலர் அறிவீர்கள். போகிமொன் கார்ட், கிரிக்கெட் கார்ட் சேர்க்கும் பிள்ளைகள் தம்மிடம் இரண்டு மூன்றாக இருப்பதைப் பட்டியலில் போடுவார்கள். தம்மிடம் இல்லாததைக் கேட்பார்கள். பிறகு பாடசாலையில் சந்தித்து மாற்றிக்கொள்வார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, இன்று பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளும் பாவிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

வளர்ந்ததும் இரண்டு விதமான பேச்சு வந்திருக்கிறது. ஊரின் வாலிபர்கள் சிலர், "சேர், விற்பனையையும் திறந்துவிடுவோம். விற்கிற விலையில் 10 வீதம் தளத்துக்கு எடுப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மர்மப் பக்கெட்டுகளும் கட்டி விற்போம்" என்கிறார்கள். பெற்றோர் சிலரோ, "படிப்புக் கெடுகிறது, தளத்தையே மூடிவிடுங்கள்" என்கிறார்கள்.

இரண்டு தரப்பும் பிள்ளைகளின் நன்மையை நினைத்துத்தான் கதைக்கிறார்கள். தளத்துக்கு வருடம் 18,000 ரூபா போலச் செலவாகிறது, அது மூன்று ஆசிரியர்களின் பையிலிருந்து போகிறது என்று தெரிந்துதான் அந்தத் தம்பிமார் இந்த யோசனையைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் எங்கள் கருத்து இதுதான்: தளத்தை மூடவும் வேண்டாம், அதற்குள் காசைக் கொண்டுவரவும் வேண்டாம். குறைகளைத் திருத்தி, மாற்றிக்கொள்ளும் இடமாகவே நடத்துவோம். காரணங்களைச் சொல்கிறோம்.

முதலில், மூடச் சொல்பவர்களுக்கு.

தளத்தை மூடினால் கார்ட்டுகள் மறைந்துவிடாது. சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னாலும், ரியூசன் முடிந்து வரும் வழியிலும், பெரியவர் கண் படாத இடத்தில் கைமாறும். அங்கே தரம் 6 பிள்ளையும் தரம் 11 பிள்ளையும் எதிரெதிரே நிற்கும்போது யார் ஏமாறுவார் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பொழுதுபோக்குக்குள் படிப்பும் இருக்கிறது. ஒரு போகிமொன் கார்ட்டை எடுத்து அதன் கீழ் மூலையைப் பாருங்கள். 4/102 என்பது போல ஓர் இலக்கம் இருக்கும். 102 கார்ட்டுகள் கொண்ட தொகுதியில் அது நான்காவது என்று அர்த்தம். அந்த இலக்கப்படி அடுக்குவது, எது இல்லை என்று கணக்கெடுப்பது, எந்தத் தொகுதி எந்த வருடம் வந்தது என்று தேடுவது, எல்லாம் வகுப்பில் நாங்கள் பாடுபட்டுச் சொல்லிக்கொடுக்கிற அதே வேலைகள். மேஜிக் என்ற கார்ட் விளையாட்டை 1993இல் உலகுக்குத் தந்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதப் பேராசிரியராக இருந்தவர்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சிரகியூஸ் நகரில் ஜெபர்சன் பர்டிக் என்று ஒரு மின்வேலைத் தொழிலாளி இருந்தார். மூட்டுவாதத்தால் அவதிப்பட்டவர். சிகரட் பெட்டிக்குள்ளும் சுவிங்கம் உறைக்குள்ளும் வந்த கார்ட்டுகளை வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1939இல் அவர் அச்சிட்ட பட்டியல்தான் அந்நாட்டில் கார்ட் சேர்ப்பவர்களுக்கு அடிப்படையாகியது. கடைசியில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான கார்ட்டுகளையும் அச்சுத் துண்டுகளையும் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல், முடங்கிப்போன விரல்களால் அவற்றை அல்பங்களில் ஒட்டி ஒழுங்குபடுத்தும் வேலையையும் தானே செய்தார். 1963 ஜனவரியில் அந்த வேலை முடிந்தது, இரண்டு மாதத்தில் அவர் காலமானார். அவர் போட்ட இலக்கங்களைத்தான் இன்றும் கோடீஸ்வரர்கள் ஏலத்தில் உச்சரிக்கிறார்கள்.

ஒரு கார்ட் தளத்தின் முதல் வேலை அவர் செய்த வேலைதான். எது எது, எந்தத் தொகுதி, யாரிடம் இருக்கிறது என்று ஒழுங்காகப் பட்டியல் போடுவது. கடை நடத்துவது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

இனி, காசைக் கொண்டுவருவோம் என்கிற தம்பிமாருக்கு.

இன்று எங்கள் தளத்தில் உள்ள பெரிய குறை, கார்ட்டின் நிலை பற்றி உண்மை சொல்லப்படாததுதான். போன தவணையில் தரம் 6 பிள்ளை ஒன்று தன்னிடமிருந்த ஐந்து உண்மையான கார்ட்டுகளைக் கொடுத்துவிட்டு, தங்க நிறத்தில் மின்னும் ஒரு கார்ட்டை வாங்கியது. அது நகரக் கடைகளில் பக்கெட் பக்கெட்டாகத் தொங்கும் போலி. கொடுத்த பிள்ளைக்கும் அது போலி என்று தெரியாது. அதன் வாப்பா "தங்கக் கார்ட்" என்று நம்பித்தான் வாங்கிக் கொடுத்திருந்தார்.

மாற்றிக்கொண்டதால் அந்தப் பிரச்சினையை ஒரு இடைவேளைக்குள் தீர்த்தோம். ஐந்து கார்ட்டும் திரும்பின. அதுவே 3,000 ரூபாவுக்கு விற்கப்பட்டிருந்தால்? காசு செலவாகியிருக்கும். இரண்டு குடும்பங்கள் வாசற்படியில் நின்று சண்டை பிடித்திருக்கும். நம் ஊரில் அப்படிப்பட்ட சண்டைகள் எத்தனை கலியாண வீடுகள் வரை நீள்கின்றன என்று நமக்குத் தெரியும்.

பெரிய காசு வந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஹோனஸ் வாக்னர் கார்ட். 1909க்கும் 1911க்கும் இடையில் அமெரிக்க சிகரட் பெட்டிகளோடு வந்த பேஸ்போல் வீரர் ஒருவரின் கார்ட் அது. மிகச் சில பிரதிகளே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஆக அழகான பிரதியை 1991இல் ஐஸ் ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் இன்னொருவரும் சேர்ந்து 4,51,000 டொலருக்கு வாங்கினார்கள். கார்ட்டின் நிலையைப் பரிசோதித்துப் புள்ளி போடும் நிறுவனம் அதற்கு 10க்கு 8 கொடுத்தது. 2007இல் அது 28 இலட்சம் டொலருக்குப் போனது. 2013இல், அதை முன்னர் வைத்திருந்த வியாபாரி ஓரங்களை வெட்டி நேராக்கியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நிபுணர்கள் பார்த்துப் புள்ளி போட்ட கார்ட்டே அப்படியென்றால், போனில் எடுத்த ஒரு படத்தை வைத்து நம் பிள்ளை என்னத்தைக் கண்டுபிடிக்கும்?

விற்கிற பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்பது நமக்குப் புதிய பாடமல்ல. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட செய்தியை நாம் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறோம். மடங்கிய மூலையை மேலே காட்டிப் படம் எடுக்கப் பிள்ளையைப் பழக்குவதும் அந்தப் பாடம்தான்.

அடுத்தது, பிறருடைய காசை வைத்திருக்கும் பொறுப்பு.

பிட்கொயின் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு மவுன்ட் கொக்ஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்தப் பெயர் முதலில் ஒரு கார்ட் தளத்துக்காக வைக்கப்பட்டது. கணினியில் விளையாடும் மேஜிக் கார்ட்டுகளை மாற்றிக்கொள்வதற்காக 2007இல் அந்த முகவரி பதியப்பட்டது. 2010இல் அதே பெயரில் பிட்கொயின் வாங்கி விற்கும் தளம் தொடங்கியது, அடுத்த வருடம் கைமாறியது. 2014இல் அது விழுந்தபோது சுமார் 8,50,000 பிட்கொயின்களைக் காணவில்லை என்றார்கள். அதில் 2,00,000 போலப் பின்னர் கிடைத்தது. காசு போட்டவர்கள் பத்து வருடங்கள் காத்திருந்தார்கள்.

நம் தளம் அந்த அளவுக்கெல்லாம் போகாது. ஆனால் விசயம் ஒன்றுதான். பொருளை மாற்ற ஒரு இடம் கொடுப்பது வேறு, ஊரவரின் காசை நம் கையில் வைத்திருப்பது வேறு. இரண்டாவதற்குக் கணக்கு, பாதுகாப்பு, பதில் சொல்லும் ஆள், சட்டப் பொறுப்பு எல்லாம் வேண்டும். பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, மிஞ்சும் நேரத்தில் தளத்தைப் பார்க்கிற மூன்று ஆசிரியர்களால் அந்த அமானிதத்தைச் சுமக்க முடியாது.

மர்மப் பக்கெட் விசயத்தில் எங்களுக்கு இன்னும் உறுதி. உள்ளே என்ன வரும் என்ற ஆவல் பிள்ளைக்கு இயல்பு. பிரித்தானியாவில் புரூக் பொண்ட் கம்பனி 1954 முதல் 1999 வரை தேயிலைப் பக்கெட்டுக்குள் பறவை, பூ, விலங்குப் படக் கார்ட்டுகளை வைத்தது. எந்தப் படம் வரும் என்று அங்கேயும் தெரியாது. ஆனால் காசு கொடுத்தது தேயிலைக்கு. தேயிலை குறையாமல் கிடைத்தது, படம் மேலதிகம். மர்மப் பக்கெட்டில் காசு கொடுப்பதே அதிர்ஷ்டத்துக்குத்தான். கணினி விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் இதுபோன்ற பெட்டிகள் சிலவற்றை 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணைக்குழு சூதாட்டம் என்றே அறிவித்தது. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆசிரியர்களாக நாங்கள் சொல்வது, பாடசாலையின் பெயரில் அந்தப் பக்கெட்டைக் கட்ட எங்கள் கை வராது என்பதுதான்.

"விலை தெரிந்தால்தானே பிள்ளை ஏமாறாது?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு வழி இருக்கிறது. எந்தக் கார்ட்டுக்கு எந்தக் கார்ட் மாறியது என்ற பதிவைத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைப்போம். இரண்டு சாதாரணக் கார்ட்டுக்கு ஒரு மின்னும் கார்ட் என்பது வழமையா, பத்துக்கு ஒன்றா என்று பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும். ரூபாக் கணக்கு தேவைப்படாது.

ஆகவே, தளத்தைத் திருத்த நாங்கள் முன்வைக்கும் யோசனைகள்:

ஒன்று. ஒவ்வொரு கார்ட்டுக்கும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டு படமும் கட்டாயம். தொகுதிப் பெயரும் மூலை இலக்கமும் போட்டால்தான் பட்டியலில் ஏறும். அந்த இலக்கத்தை வைத்தே தேடவும் முடியும்.

இரண்டு. நிலையைச் சொல்ல நான்கே சொற்கள்: புதுசு, லேசாகப் பாவித்தது, நன்றாகப் பாவித்தது, சேதம். "சூப்பர் கண்டிசன்" என்றெல்லாம் எழுத முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் மாதிரிப் படம் பக்கத்தில் இருக்கும்.

மூன்று. போலியைக் கண்டுபிடிக்கும் குறிப்பு முதல் பக்கத்திலேயே வரும். எழுத்துப் பிழை, பின்பக்க நீல நிறத்தின் வித்தியாசம், தகடு போன்ற மினுக்கம், ரோர்ச் வெளிச்சம் மற்றப் பக்கம் அதிகமாகத் தெரிவது, இவை சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள். சந்தேகமானால் உண்மையான கார்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான்கு. மாற்றுவது வியாழக்கிழமை இடைவேளையில், நூலகத்தில், ஓர் ஆசிரியரும் ஒரு மாணவத் தலைவரும் இருக்கும்போது மட்டும். மூன்று நாளைக்குள் எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லித் திருப்பிக் கேட்கலாம். தரம் 8க்குக் கீழே உள்ள பிள்ளைக்கு உம்மா அல்லது வாப்பாவின் ஒப்புதல் வேண்டும்.

ஐந்து. தளத்தில் பிள்ளையின் முழுப்பெயர், முகம், போன் இலக்கம், வீட்டு முகவரி எதுவும் இருக்காது. புனைபெயர் மட்டும். யார் யார் என்ற பட்டியல் பொறுப்பாசிரியரின் கையில் இருக்கும். பிள்ளைகள் தனியாகச் செய்தி அனுப்பும் வசதியை எடுத்துவிடுவோம். முன்பின் தெரியாத பெரியவர்கள் பிள்ளைகளைத் தேடி வருகிற வழி அதுதான்.

ஆறு. பரீட்சைக்கு முந்திய இரண்டு கிழமை தளம் பூட்டு. படிப்புக் கெடுகிறது என்ற பெற்றோரின் கவலைக்கு இது எங்கள் பதில்.

செலவுக்கு என்ன வழி? கணக்கு இலேசானது. 36 குடும்பங்கள் வருடத்துக்கு 500 ரூபா வீதம் தந்தால் 18,000 ரூபா சரியாகிவிடும். தராத வீட்டுப் பிள்ளைக்கும் தளம் திறந்தே இருக்கும். யார் தந்தார், யார் தரவில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியவராது. வரவு செலவைத் தவணைக்கு ஒருமுறை பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம்.

விற்பனையைக் கேட்ட தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குக் கணினி தெரியும், எங்களுக்கு அவ்வளவு தெரியாது. படம் ஏற்றுவதும் இலக்கத்தால் தேடுவதும் இப்போது மெதுவாக இருக்கிறது, பழைய போன்களில் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. அதைச் சரிசெய்ய உங்கள் உதவி வேண்டும். வியாபாரம் பழக விரும்பும் பெரிய பிள்ளைகளுக்கு வர்த்தகப் பாட ஆசிரியரோடு சேர்ந்து வேறொரு முயற்சி தொடங்குவோம், அதில் நாங்களும் நிற்போம். சிறு பிள்ளைகளின் கார்ட் தளத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை நூலகத்தில் இதுபற்றிக் கதைக்க இருக்கிறோம். அதிபரும் வருகிறார். மூடச் சொல்பவர்களும் வாருங்கள், விற்கச் சொல்பவர்களும் வாருங்கள். உம்மாமார் கட்டாயம் வர வேண்டும், வீட்டில் அந்தக் கார்ட்டுகளைப் பொறுக்கி அடுக்குவது நீங்கள்தானே. வரும்போது பிள்ளையின் கார்ட்டுகளில் சந்தேகமானவற்றை எடுத்து வாருங்கள். உண்மையான கார்ட்டுகள் கொஞ்சம் நாங்கள் வைத்திருக்கிறோம், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.