வானத்தில் பறந்தாலும் வீடு கம்பெனி வீடு!

"மாப்பிள்ளைக்கு எங்கே வேலை?"

"வெளிநாட்டில்!"

ராதாபுரம் பக்கத்தில் இந்தப் பதில் வந்துவிட்டால், அடுத்த கேள்வி சம்பளத்தைப் பற்றித்தான் இருக்கும். மாப்பிள்ளை விமானம் ஓட்டுகிறார் என்றால் கேட்கவே வேண்டாம். பெண் வீட்டார் பூரித்துப் போவார்கள்.

ஆனால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. அங்கே அவர் குடியிருக்கும் வீடு யாருடையது?

விமானியின் வாழ்க்கை

துபாய், தோகா போன்ற ஊர்களில் உள்ள விமானக் கம்பெனிகள் பல நாட்டு விமானிகளை வேலைக்கு வைத்திருக்கின்றன. இந்தியர்களும் அவர்களில் உண்டு. சம்பளத்தோடு குடியிருக்க வீடு கொடுப்பார்கள். அல்லது வாடகைப் பணம் கொடுப்பார்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவில் ஒரு பங்கு, மருத்துவச் செலவு, ஊர் வந்து போக டிக்கெட் எல்லாம் உண்டு.

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் விமானி இருக்கும் நாட்கள் குறைவு. இன்று லண்டன், அடுத்த வாரம் சிட்னி. ஊர் உறங்கும்போது அவர் விழித்திருக்க வேண்டும். தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் லீவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உறவினர் யாரும் இல்லாத ஊரில் மனைவிதான் தனியே பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். உடல் பரிசோதனையில் தேறாவிட்டால் விமானி பறக்கவும் முடியாது.

2020-ல் கொரோனா நோய் பரவியது. விமானங்கள் தரையில் நின்றன. வளைகுடாக் கம்பெனிகள் விமானிகள் பலரை வேலையிலிருந்து நீக்கின. வேலையோடு வந்த வீடு, வேலையோடு போயிற்று. விசாவுக்கும் வேலைதான் ஆதாரம். பிள்ளைகளின் படிப்பை நடுவில் நிறுத்தி, மூட்டை கட்ட வேண்டிய நிலை வந்தது.

படகே வீடு

ராதாபுரம் தாலுகாவின் கடற்கரைக்கு இது புதிய கதை அல்ல. இடிந்தகரை போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள் உண்டு. அவர்களில் பலருக்குப் படகுதான் வீடு. படகிலேயே சமையல், படகிலேயே தூக்கம். பல இடங்களில் கூலியும் மீனில் ஒரு பங்குதான். மீன் கிடைக்காவிட்டால் காசும் கிடையாது.

அதே 2020-ல் தமிழக மீனவர்கள் பலர் ஈரானில் மாதக்கணக்கில் சிக்கித் தவித்தார்கள். இந்தியக் கப்பற்படையின் ஜலாஸ்வா கப்பல், பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1-ந் தேதி தூத்துக்குடிக்கு வந்தது.

விமானிக்கு நல்ல வீடு கிடைத்தது. மீனவருக்குப் படகுதான் கிடைத்தது. ஆனால் இரண்டும் முதலாளியுடையவை. வேலை நின்றால் இருவருக்கும் அங்கே இடம் இல்லை.

போகும் முன் கேளுங்கள்

தங்கும் இடம் கம்பெனி கொடுப்பதா, வாடகைப் பணமா? ஓர் அறையில் எத்தனை பேர்? மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் யார் பணம் கட்டுவது? குடும்பத்தை அழைத்துப் போகலாமா? வேலை முடிந்தால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு? இவை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ஏஜெண்டின் வாய்ப்பேச்சு ஆபத்துக்கு உதவாது. அந்த ஒப்பந்தத்தின் நகல் ஒன்று ஊரில் வீட்டுப் பெட்டியிலும் இருக்கட்டும்.

ஏஜெண்ட் மத்திய அரசின் அனுமதி பெற்றவர்தானா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் அடகுபோல் கொடுக்க வேண்டாம். 1967-ம் ஆண்டுச் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து.

குடிபெயர்வு அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளருக்கு அரசின் இன்சூரன்ஸ் திட்டம் இருக்கிறது. 2017-ல் திருத்திய திட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் கட்டணம் 275 ரூபாயும் வரியும். விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். இத்தனை சிறிய தொகையை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

இன்னொன்று. கம்பெனி வீட்டுக்குச் சோபாவும் திரைச்சீலையும் வாங்கும் முன்னால், ஆறு மாதச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தை ஊரில் வங்கியில் போட்டு வைக்க வேண்டும். விமானிக்கும் இது பொருந்தும். மீனவருக்கும் பொருந்தும்.

மாப்பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்பதில் தவறு இல்லை. "நாளைக்கே வேலை போனால் எங்கள் பெண்ணும் நீங்களும் எங்கே குடியிருப்பீர்கள்?" என்றும் கேளுங்கள். அதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவருக்குத் தாராளமாகப் பெண் கொடுக்கலாம்!