வான்முழக்கமும் வீட்டுக் கூரையும்

ஓசையை அளப்பது கருவி. அதனை அனுபவிப்பது மனிதன். ஒலியினும் விரைந்து பறக்கும் விமானம் எழுப்பும் முழக்கத்தைப் பற்றி நடைபெறும் ஆராய்ச்சிகளுள், வீட்டினுள் இருப்போர் அதனை எவ்வாறு உணர்கின்றனர் என்னும் ஆராய்ச்சியே முதன்மையானது என்பது எமது கருத்து.

வெட்டவெளியில் கேட்கும் முழக்கம் வேறு; வீட்டினுள் கேட்கும் முழக்கம் வேறு. சுவரும் கூரையும் கூரிய ஓசையைத் தடுக்கும். ஆழ்ந்த அதிர்வையோ உள்ளே விட்டுவிடும். யன்னல் நடுங்கும், பாத்திரங்கள் கலகலக்கும். வானத்தைக் காணாதவன் காரணத்தையும் அறியான். 2020 மே 20ஆம் நாள் பெங்களூரில் பேரோசை கேட்டபோது, நிலநடுக்கமோ எனப் பலர் அஞ்சினர். நிலநடுக்கமானிகளோ எதனையும் காட்டவில்லை. விமானப்படையின் சோதனைப் பறப்பே காரணம் எனப் பின்னர் அறிவிக்கப்பட்டது. விமானம் 65 முதல் 80 கிலோமீற்றர் தொலைவில் இருப்பினும் அம்முழக்கம் கேட்குமாம்.

அமெரிக்க அரசு 1964இல் ஒக்லஹோமா நகரின் மேல் ஆறு மாத காலத்தில் 1,253 முழக்கங்களை எழுப்பி, ஏறக்குறைய 3,000 பேரை வினவியது. வீடு அதிர்தலே அவர்கள் கூறிய பெருந்தொல்லை. இதனோடு என்றும் வாழ இயலாது என்றோர் 27 வீதத்தினர். பிற்காலத்தில் நாசாவின் லாங்லி ஆராய்ச்சி நிலையத்தார், வரவேற்பறை போன்ற சிற்றறையில் ஆட்களை இருத்தி, வெளிச்சுவரருகே ஒலிபெருக்கிகளால் முழக்கத்தை எழுப்பி, அவர்தம் உணர்வை ஆராய்ந்தனர். போற்றத்தக்க முயற்சியே. ஆயினும், அது எவருடைய வீடு? எவருடைய செவி?

பெரகலச் சந்தியிலிருந்து கொஸ்லாந்தை நோக்கி இறங்கும் சரிவை எண்ணுக. தகரக் கூரையின் கீழ், ஒரு சுவரை இரு குடும்பங்கள் பகிரும் லயன் அறைகளில் மக்கள் வாழ்கின்றனர். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிய துயரை இம்மண் மறவாது. அத்தகைய மக்களுக்கு, கூரையை உலுக்கும் திடீர் முழக்கம் வெறுந்தொல்லையன்று; மலை இறங்குகின்றதோ என்னும் அச்சமாம்.

இஃது இன்று வீண் வினாவன்று. நிலத்தின்மேல் ஒலிவேகத்தை மீறிப் பயணிகள் விமானம் பறத்தலை அமெரிக்கா 1973இல் தடுத்தது. அத்தடையை நீக்குமாறு 2025 யூனில் அந்நாட்டு அதிபர் பணித்தார். முழக்கத்தை மென்மையாக்க நாசா அமைத்த எக்ஸ்-59 விமானம் அவ்வாண்டு ஒக்டோபர் 28இல் முதன்முறை பறந்தது. அதனை அமெரிக்க ஊர்களின்மேல் செலுத்தி, மக்களை வினவி, அவர்தம் விடைகளை அனைத்துலக ஒலிவரம்பு வகுப்போரிடம் அளிப்பது நாசாவின் திட்டம். அவ்வரம்பு உலகுக்கெல்லாம் பொதுவாயின், கணக்கில் எமது தகரக் கூரையும் சேர வேண்டாமோ?

பௌதிகம் பயிலும் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். இடி முழங்கும்போதும் கல்லுடைக்க வெடி வைக்கும்போதும் லயன் அறையுள் எது அதிர்கின்றது, மக்கள் எதனை அஞ்சுகின்றனர் என்பவற்றைக் கேட்டு எழுதுக. பழைய மாணவராகிய பொறியியலாளரும் மருத்துவரும் வழிகாட்டுக. எமது வீட்டின் கதையை நாம் எழுதி வைக்காவிடின், அதனைப் பிறர் எழுதுவார் என்று எதிர்பார்த்தல் தகாது.