பயிரின் சிற்றாணைகள் உட்கருவை விட்டு வெளிவரும் வகை

நெற்பயிர் எத்தனை தூர் கட்டுதல் வேண்டும், எப்பொழுது இளமை நீங்குதல் வேண்டும் என்பவற்றை நிர்ணயிப்பவற்றுள், ஏறக்குறைய 21 எழுத்து நீளமே உள்ள சிற்றாணைகளும் அடங்கும். இவற்றை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பர். இவை எழுதப்படுவது செல்லின் உட்கருவில்; இவற்றின் காரியமோ பெரும்பாலும் அதற்கு வெளியே. தாலுகா ஆபீஸில் கையொப்பமான உத்தரவு கிராமம் வந்து சேராவிடில் பயன் யாது என்பதைக் கிராம அதிகாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பிராணிகளில் இவ்வழி தெளிவாக அறியப்பட்டிருக்கிறது. ட்ரோஷா என்னும் நொதி, நீண்ட ஆர்.என்.ஏ.யை உட்கருவினுள் நறுக்கி, கொண்டையூசி போல் மடிந்த சுமார் 70 எழுத்துள்ள முன்னுருவாக்குகிறது. அதன் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு எழுத்துகளே முத்திரை. எக்ஸ்போர்ட்டின்-5 என்னும் புரதம், ரான் என்னும் துணைவனோடு கூடி, முத்திரையுள்ள சுமையைப் பற்றி உட்கருச் சவ்வின் துளை வழியே வெளிக்கொணர்வது 2003-ல் காட்டப்பட்டது. வெளியே ரானிடமுள்ள ஜி.டி.பி. சிதைந்ததும் பிடி தளர்ந்து சுமை இறங்குகிறது. டைசர் என்னும் மற்றொரு நொதி அதனைச் சுமார் 22 எழுத்தாக வெட்டுகிறது.

பயிருக்கும் இதே படத்தை எழுதிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அது தவறு என்பது என் அபிப்பிராயம். பயிரில் ட்ரோஷா இல்லை. டி.சி.எல்.1 என்னும் ஒரே நொதி இரண்டு வெட்டுகளையும் உட்கருவுக்குள்ளேயே முடித்துவிடுகிறது. எக்ஸ்போர்ட்டின்-5-க்குப் பயிரில் உள்ள பங்காளி ஹேஸ்டி. கடுகினத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் அது பழுதுபட்டால், செடி அவசரமாய் இளமையைக் கடக்கிறது. பெயரும் அதனால் வந்ததே. இலையும் வேரும் சிறுக்கின்றன, விதைப்பிடிப்பும் குறைகிறது. இதுவே வாயிற்காவலன் என்று நெடுநாள் கருதினர். ஆயின், ஏ.ஜி.ஓ.1 என்னும் புரதம் சிற்றாணையை உள்ளேயே ஏந்தி, வேறொரு காவலன் துணையால் வெளிவருவது 2018-ல் காட்டப்பட்டது. ஹேஸ்டியோ, ஆணையை எழுதி வெட்டும் இடத்திலேயே உதவுகிறதென 2021-ல் விளங்கிற்று.

இதனால் குடியானவர்க்கு வருவதென்ன? நெல்லில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 மிகுந்தால் தூர் பெருகிக் கதிர் சிறுக்கும். அவ்வாணை எஸ்.பி.எல்.14 என்னும் ஜீனைத் தொடும் இடத்தில் ஓர் எழுத்து மாறிய நெல்லில், தூர் குறைந்து, தண்டு தடித்து, கதிரில் மணி மிகுவதை 2010-ல் கண்டனர். தூர் மிகுந்ததே நல்ல விதை என்று எண்ணும் மிராசுதார்கள் இதனை ஊன்றிக் கவனிப்பாராக.

இனி, ஆர்.என்.ஏ. தெளிப்பு மருந்துகளைக் குறித்து ஒரு வார்த்தை. உருளைக்கிழங்கு வண்டுக்கென லெட்ப்ரோனா என்னும் மருந்து 2023-ல் அமெரிக்காவில் பதிவு பெற்றது. வண்டு அதனைத் தின்ன, அதன் குடற்செல்லில் உட்கருவுக்கு வெளியே காரியம் நடக்கிறது. பயிரின் உட்கருவில் புகுந்து விதையையே மாற்றும் என்னும் அச்சமும், பயிரின் தூரைப் பெருக்கும் என்னும் விளம்பரமும் இத்தகைய மருந்துக்குப் பொருந்தா. இவ்வகைச் சரக்கு விற்பனைக்கு வருமாயின், அது எந்தப் பிராணியின் செல்லில், எந்த ஜீனை அடக்குகிறது என்பதை விற்பனையாளரிடம் எழுத்து மூலம் பெற்ற பின்னரே பணம் கொடுத்தல் நலம்.