கோடு போட்டா சோறு கிடைக்குமா?

எங்க மாமாவுக்குத் திருவொற்றியூர்ல ஒரு சின்ன லேத் பட்டறை. மொத்தமே மூணு பேர்தான் வேலை. நான் பிகாம் படிக்கிறதால கணக்கு நோட்டு என் தலையில. போன மாசம் எழுதும்போது ஒரே ஜாப்ல 40 பீஸ் ஸ்க்ராப்னு இருந்துச்சு. இரும்பு, கூலி, கரண்ட் எல்லாம் போச்சு.

"என்ன மாமா இது?"

"டிராயிங்கைத் தப்பா படிச்சிட்டோம்டா."

விஷயம் இதுதான். நம்ம நாட்டுல ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. பொருளை இடது பக்கத்துல இருந்து பார்த்தா தெரியற படத்தை, முன்பக்கப் படத்துக்கு வலது பக்கத்துல வரைவாங்க. அமெரிக்காக்காரங்களோட தேர்ட் ஆங்கிள் முறையில அதை இடது பக்கத்துலயே வரைவாங்க. எந்த முறைன்னு சொல்ல டிராயிங்கோட ஓரத்துல கூம்பு மாதிரி ஒரு குட்டி அடையாளம் இருக்கும். அதை மூணு பேருமே கவனிக்கலை. வலது பக்கம் வர வேண்டிய பள்ளம் இடது பக்கம் வந்துடுச்சு. 40 பீஸும் கண்ணாடியில பார்த்த மாதிரி!

இதை ஸ்கூல்லயே சொல்லித்தர முடியும். தமிழ்நாட்டுல 1978ல ப்ளஸ் டூ வந்தப்பவே தொழிற்கல்விப் பிரிவும் வந்துச்சு. அதுல டிராஃப்ட்ஸ்மேன் சிவில், ஜெனரல் மெஷினிஸ்ட் எல்லாம் இருந்தது. 2018ல பாடத்திட்டம் மாறினப்போ பேசிக் சிவில், பேசிக் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்னு பேரை மாத்தினாங்க. ஆனா மரியாதை மட்டும் மாறலை. "மார்க் கம்மியா? வொகேஷனல்ல போடு" இதுதான் இன்னிக்கும் பேச்சு. ஓய்வு பெற்ற ஆசிரியர் இடத்துக்கு ஆள் வராம பல ஸ்கூல்ல இந்தப் பிரிவையே மூடிட்டாங்க.

"ஆட்டோகேட் 1982லயே வந்தாச்சு, இன்னும் எதுக்குப் பென்சிலும் டி-ஸ்கொயரும்?"னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். போர்டுல உட்கார்ந்து டிரேஸ் எடுக்கற வேலை போயிடுச்சு. ஆனா சாஃப்ட்வேர் கோடு போடும், அவ்வளவுதான். எந்த அளவு முக்கியம், எங்க 0.02 மில்லிமீட்டர் கூடினா பேரிங் உட்காராதுன்னு யோசிக்கறது மனுஷன்தான். அதை மூணு மாச கம்ப்யூட்டர் கோர்ஸ்ல கத்துக்க முடியாது.

எங்க ஏரியா சரித்திரத்தையே பாருங்க. 1955ல என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூர்ல ஆரம்பிச்சப்போ இங்கிலாந்துல இருந்து வந்த பாகங்களை மாட்டிக் கொடுக்கறதுதான் வேலை. அப்புறம் அங்கிருந்து டூலிங்கை வாங்கி, பாகங்களை இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1970ல இங்கிலாந்து கம்பெனியே மூடியாச்சு, புல்லட் இங்கே ஓடிக்கிட்டே இருந்தது. மெஷினைக் காசு கொடுத்து வாங்கிடலாம். டிராயிங் படிக்கிற கண்ணை நாமதான் உருவாக்கணும்.

அதனால நான் சொல்றது ரெண்டே விஷயம். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்து அரசுப் பள்ளிகள்ல இந்தப் பிரிவை மூடாம, காலியிடத்துக்கு ஆசிரியரைப் போடணும். ரெண்டாவது, நல்லா படிக்கற பசங்களும் இதை எடுக்கணும். இதோட முடிஞ்சிடற படிப்பு இல்லை. ப்ளஸ் டூ முடிச்சா டிப்ளமோ ரெண்டாம் வருஷத்துல நேரா சேரலாம். பத்தாவது முடிச்சவங்களுக்கு ஐடிஐல ரெண்டு வருஷ டிராஃப்ட்ஸ்மேன் பயிற்சியும் இருக்கு.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்காதீங்க. அந்த 40 பீஸ் நஷ்டத்தை நோட்டுல எழுதினது நான்தானே :-)